வரலாற்று உடைகளுக்கு நீங்கள் வரைந்த பேட்டர்ன்களைப் பாதுகாப்பதும் விலை வைப்பதும்: எல்லைப் பகுதித் தையல் கலைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை தொடங்கி எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையில், பள்ளிக் கலைத் திருவிழாவுக்கும் கேரளப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்சவத்துக்கும் திருச்சபை நாடகங்களுக்கும் வரலாற்று உடை தைத்துக் கொடுக்கும் பெண்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பழைய படங்களையும் சிற்பங்களையும் பார்த்து, துணி வெட்டுவதற்கான தாள் வடிவமாகிய பேட்டர்னைப் பிரவுன் பேப்பரில் தாமே வரைந்து, நான்கைந்து அளவுகளுக்கு விரித்து வைத்திருப்பவர்களே இதில் பயன் பெறுவார்கள். கடையில் வாங்கிய பேட்டர்னைத் திருத்தித் தைப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் படத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள், பிறகு யாரோ கேட்டதற்கு ஒரு பிரதி கொடுக்கிறார்கள், அதன்பின் விலையை யோசிக்கிறார்கள், பாதுகாப்பைப் பற்றிக் கடைசியில் விசாரிக்கிறார்கள். வரிசை இப்படித் தலைகீழானால் சில உரிமைகள் திரும்பக் கிடைக்காத வகையில் போய்விடும். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்வது நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு பேட்டர்னுக்கும் தனித்தனியாக ஒரு கோப்பு வேண்டும். அதில் நீங்கள் பார்த்த மூலங்களின் பட்டியல், முதல் கைவரைபடம், காடாத் துணியில் தைத்துப் பார்த்த மாதிரியின் படங்கள், திருத்தங்கள், அளவு அட்டவணை, தையல் குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். வேலை நேரத்தை எழுதிவைக்க ஒரு நோட்டும், யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதற்கு ஒரு பதிவேடும் தேவை. இந்த இரண்டும் இல்லாமல் எட்டாவது படியில் உள்ள விலைக் கணக்கைப் போடவே முடியாது.

2. வரலாற்றுக்கு உரியது எது, உங்களுக்கு உரியது எது என்று பிரித்தெழுதுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குப்பாயம் என்னும் மேற்சட்டையின் தளர்ந்த உடலமைப்புக்கோ, ரவி வர்மா ஓவியத்துப் பெண் அணிந்திருக்கும் ரவிக்கையின் தோற்றத்துக்கோ யாரும் உரிமை கொண்டாட முடியாது. ரவி வர்மா 1906-இல் மறைந்தார்; அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் சுவரோவியத்தைப் பார்த்து நீங்கள் வரைந்ததையே பக்கத்து ஊர்க்காரர் தாமும் நேரில் பார்த்து வரைந்தால், அவர் உங்களிடமிருந்து எடுத்தார் என்று சொல்ல வழியில்லை.

உங்களுக்கு உரியது வேறு. எந்த இடத்தில் தையல் வர வேண்டும், அக்குள் பகுதியில் எவ்வளவு விட்டால் ஆடும் பிள்ளை கையைத் தூக்கும்போது உடை மேலே ஏறாது, பழைய உடையில் கட்டுக்கயிறு இருந்த இடத்தில் மேடையில் விரைவாக மாற்றுவதற்கு மறைவான ஹூக்கை எப்படி வைப்பது, 28 இஞ்ச் மார்பளவிலிருந்து 40 இஞ்ச் வரை விரிக்கும்போது கழுத்துப் பள்ளம் எந்த விகிதத்தில் மாற வேண்டும் என்பன போன்ற தீர்வுகளைக் காட்டும் வரைபடங்களும், அவற்றை விளக்கும் எழுத்தும், அளவு அட்டவணையும் உங்களுடைய உழைப்பில் பிறந்தவை. கோப்பின் முதல் தாளில் இரண்டு பத்தி வரைந்து, இடப்பக்கம் ‘பழைய மூலத்தில் உள்ளது’ என்றும் வலப்பக்கம் ‘நான் சேர்த்தது’ என்றும் எழுதுங்கள். வலப்பக்கம் இரண்டு வரிகூடத் தேறவில்லை என்றால் அந்தப் பேட்டர்னுக்குப் பாதுகாப்புத் தேடிச் செலவு செய்ய வேண்டாம். தைத்து விற்பதே மேல்.

மூலப் படங்களிலும் எச்சரிக்கை தேவை. ஓவியம் பொதுவுடைமை ஆகிவிட்டாலும், அருங்காட்சியக உடையை இன்னொருவர் எடுத்த ஒளிப்படத்தை உங்கள் தையல் குறிப்பின் அட்டையில் அச்சிட அவருடைய அனுமதி வேண்டும். தைத்து முடித்த உங்கள் உடைக்குப் பணம் கொடுத்து ஒளிப்படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கூச்சப்படாமல் அந்த மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கூட வேலை செய்பவர்களோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுதல்

மாதச் சம்பளத்துக்கு உங்கள் கடையில் இருக்கும் ஒருவர் வேலையின் பகுதியாக வரைந்ததற்கு, மாறாக எழுதிக்கொள்ளாதவரை, உரிமை உங்களுக்கே வரும். பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் அக்காவின் நிலை அப்படி இல்லை. அவர் வரைந்த கை அமைப்பு அவருடையதாகவே இருக்கலாம். அவருக்கு உரிய கூலியையும், உரிமை உங்களுக்கு மாறுகிறது என்பதையும், காலத்தையும் எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பழகியவர்களிடம் தாளை நீட்டுவது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். பின்னால் வரும் மனக்கசப்பை இந்தத் தாள் தவிர்க்கிறது என்பதால் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

4. வெளியே காட்டும் முன் சட்ட வழியைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

முதல் வழி பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடம் கலைப்படைப்பு. தையல் குறிப்பும் அட்டவணையும் இலக்கியப் படைப்பு. வரைந்து முடித்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். உங்கள் தாளை ஜெராக்ஸ் எடுத்து விற்பவர், ஸ்கேன் செய்து குழுக்களில் பரப்புபவர், குறிப்பை அப்படியே அச்சடிப்பவர் ஆகியோருக்கு எதிராக இது வலுவானது.

ஆனால் அந்தப் பேட்டர்னைக் கொண்டு உடை தைப்பவருக்கு எதிராக அதே வலு இருக்காது. அதே சட்டத்தின் 15(2) பிரிவின்படி, வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அது பொருத்தப்பட்ட பொருளை உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆயத்த ஆடைகள் தொடர்பான ரித்திகா – பீபா வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டே தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதே பிரிவை ஆராய்ந்தபோது, ஒன்று தூய கலைப்படைப்பா, அல்லது அதிலிருந்து தொழில்முறையில் பொருளுக்கு ஏற்றப்பட்ட வடிவமைப்பா என்பதையும், அதில் ஓங்கி நிற்பது அழகா பயன்பாடா என்பதையும் பார்க்க வேண்டும் என்று கூறியது. கைமெஷினில் ஒவ்வொன்றாகத் தைப்பது தொழில்முறை உருவாக்கமா என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பி எண்ணிக்கையைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

இரண்டாம் வழி, 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி பதிவு செய்வது. இது முடிந்த உடையின் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் காக்கும்; வெட்டும் முறையையோ தைக்கும் உத்தியையோ காக்காது. காலம் 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு. விண்ணப்ப நாளுக்கு முன் அந்தத் தோற்றம் இந்தியாவிலோ வெளிநாட்டிலோ பொதுவில் வெளிப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பள்ளி மேடையில் பிள்ளைகள் அணிந்து ஆடிவிட்டாலோ, முகநூலில் படம் வந்துவிட்டாலோ வாய்ப்பு போயிற்று. பதிவு செய்த பிறகு அந்த வடிவமைப்புக்குப் பதிப்புரிமை இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே முடிவை இப்படி எடுக்கலாம். பழைய உடையை உள்ளபடி மீட்டெடுக்கும் பேட்டர்ன் என்றால் அதன் தோற்றம் புதியது அல்ல, வடிவமைப்புப் பதிவு பொருந்தாது. பதிப்புரிமையும் ஒப்பந்தமும்தான் துணை. வேலு நாச்சியார் வேடத்துக்காக நீங்களே கற்பனை செய்த மார்க்கவசமும் தோள் அலங்காரமும் போலத் தோற்றத்திலேயே புதுமை இருந்து, 50-க்கு மேல் தைக்கப்படும் என்று எதிர்பார்த்தால், யாருக்கும் காட்டும் முன் வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்துப் பதிப்புரிமையில் நிற்பதே செலவு குறைந்த வழி என்பது என் கருத்து.

5. பதிவு செய்தல்

பதிப்புரிமைப் பதிவுக்குக் கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். பொருள்களோடு பயன்படக்கூடிய கலைப்படைப்பு என்று கருதப்பட்டால் 2,000 ரூபாயும், வணிகக் குறிப் பதிவாளரின் சான்றிதழும், வடிவமைப்பாகப் பதிவு செய்யவில்லை, 50-க்கு மேல் உருவாக்கவில்லை என்னும் பிரமாண வாக்குமூலமும் தேவைப்படலாம். ஆகவே வரைபடங்களும் அட்டவணையும் விளக்கமும் சேர்ந்த கையேடாகத் தொகுத்து, இலக்கியப் படைப்பாக விண்ணப்பிப்பது எளிது. விண்ணப்பத்துக்குப் பின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குப் பிறகே பரிசீலனை.

வடிவமைப்பு விண்ணப்பம் கொல்கத்தா அலுவலகத்தில் பரிசீலிக்கப்படும். இணையம் வழியாகவே அனுப்பலாம். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆடைகள் இரண்டாம் வகுப்பில் வரும். உடையின் முன், பின், பக்கத் தோற்றங்களைத் தெளிவான பின்புலத்தில் படமெடுத்து இணைக்க வேண்டும்.

தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொண்டால் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நாளைக் காட்டும் ஒரு சான்று மட்டுமே. அந்த வேலையைத் தேதியிட்ட கோப்பும் மின்னஞ்சலும் செய்துவிடும்.

6. தாளிலேயே அடையாளம் வைத்தல்

ஒவ்வொரு பாகத்திலும் உங்கள் பெயர், ஆண்டு, பேட்டர்ன் எண், ‘அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது’ என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடுவார்கள். பாகத்தின் நடுவில், துணியின் நூல் ஓடும் திசையைக் காட்டும் நூலோட்டக் கோட்டின் மேல் எழுதுங்கள். பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்தால் வாங்கியவரின் பெயரையும் வரிசை எண்ணையும் எல்லாப் பக்கத்திலும் பதித்துக் கொடுங்கள். தாள் அளவு மாறாமல் அச்சாகிறதா என்று பார்க்க 5 செ.மீ. சதுரம் ஒன்றும் முதல் பக்கத்தில் வேண்டும். அது இல்லாவிட்டால் அச்சுப் பிழைக்கு உங்களைக் குறை சொல்வார்கள்.

இன்னொரு உத்தி உண்டு. தையலுக்குத் தேவையில்லாத, உடையைக் கெடுக்காத ஒரு சிறு கத்தரிக் குறியைப் பக்கத் தையலில் எங்காவது வையுங்கள். ஒவ்வொரு கடைக்கும் கொடுக்கும் பிரதியில் அதன் இடத்தைக் கால் இஞ்ச் மாற்றி, பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் இல்லாத அந்தக் குறி இன்னொருவரின் தாளில் அதே இடத்தில் இருந்தால், அவர் தாமே வரைந்தார் என்று சொல்வது கடினம். எந்தப் பிரதியிலிருந்து கசிந்தது என்பதும் தெரிந்துவிடும்.

7. அனுமதிச் சீட்டு எழுதுதல்

பேட்டர்ன் வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பதை இந்தச் சீட்டு சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்கு மட்டுமா, தைத்து விற்கலாமா, வாடகைக்கு விடலாமா, அதிகபட்சம் எத்தனை உடைகள், எவ்வளவு காலம், எந்தப் பகுதி, மறு உரிமம் கொடுக்கலாமா, தொகை எவ்வளவு என்பதெல்லாம் இதில் இருக்க வேண்டும். சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், பகுதி எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். ஒரு நாடகத்துக்கு என்று வாய்ச்சொல்லில் நினைத்துக் கொடுத்தது இப்படித்தான் ஐந்து ஆண்டுக்கு நீண்டுவிடுகிறது.

பள்ளியோ நாடகக் குழுவோ பணம் கொடுத்துப் பேட்டர்ன் வரையச் சொன்னால், உரிமையும் அவர்களுக்குப் போய்விட்டது என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்ல என்றால், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை உங்களிடமே இருக்கும். அதைப் பில்லிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுக்கும் சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் குறிக்க வேண்டும். புரியாத மொழியில் கையெழுத்திட்டேன் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது.

8. விலை வைத்தல்

தாளுக்கும் அச்சுக்கும் ஆன செலவில் ஐம்பது ரூபாய் கூட்டி விற்பவர்கள் சொந்தக் காசில் ஊருக்குச் சேவை செய்கிறார்கள். பேட்டர்னின் விலை மூன்று கேள்விகளிலிருந்து வர வேண்டும்: உருவாக்க எவ்வளவு ஆயிற்று, எத்தனை பேர் வாங்குவார்கள், வாங்குபவருக்கு எந்த அனுமதி போகிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். நான்கு அளவுகள் கொண்ட குப்பாயப் பேட்டர்னுக்கு மூலங்களைப் பார்த்து வரைய 20 மணி, மாதிரி தைத்துத் திருத்த 14 மணி, அளவு விரிக்க 10 மணி, குறிப்பும் படமும் எழுத 16 மணி, ஆக 60 மணி என்று கொள்வோம். மணிக்கு 150 ரூபாய் வீதம் 9,000. காடாத் துணி, காகிதம், நூலுக்கு 1,400. ஸ்கேன் செய்து சுத்தப்படுத்த 1,600. குறிப்பை மட்டும் வைத்துத் தைத்துப் பார்க்கச் சொன்ன இருவருக்குக் கூலி 2,000. மொத்தம் 14,000 ரூபாய்.

இரண்டு ஆண்டில் 35 பேர் வாங்குவார்கள் என்று மதிப்பிட்டால் ஒரு பிரதிக்கு 400 ரூபாய். அச்சும் உறையும் 90. விற்ற பிறகு தொலைபேசியில் சந்தேகம் தீர்ப்பதற்கும், திருத்தப் பதிப்புக்கும், உங்கள் லாபத்துக்குமாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 160. ஆக 650 ரூபாய் வீட்டு உபயோக விலை. எதிர்பார்க்கும் எண்ணிக்கையை எப்போதும் குறைத்தே எடுங்கள். 100 பேர் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துவிட்டால் பிறகு ஏற்றவே முடியாது. மேலே சொன்ன 50 என்ற வரம்பும் கணக்கில் வரும்: 35 பேரும் இரண்டிரண்டு தைத்தால் 70 ஆகிவிடும். தொழில்முறையில் தைக்கும் உரிமம் ஒவ்வொன்றிலும் உச்ச எண்ணை எழுதுவது இதனால்தான்.

வாடகைக் கடைக்கு அதே 650-க்குக் கொடுப்பது பெருந்தவறு. அந்தக் கடை ஆறு உடை தைத்து, ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு 12 முறை, முறைக்கு 250 ரூபாய்க்கு விட்டால் வரவு 18,000. அதில் பத்தில் ஒரு பங்கு 1,800 ரூபாயை ஆண்டு உரிமக் கட்டணமாக, ஆறு உடை என்ற வரம்போடு கேட்பது நியாயம். ஒவ்வொரு வாடகைக்கும் பங்கு கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய கணக்கை நீங்கள் சரிபார்க்க முடியாது, மாதந்தோறும் சண்டை வரும். மொத்தத் தொகையே நிம்மதி.

வேறு யாருக்கும் கொடுக்காமல் தங்களுக்கு மட்டுமே உரிமம் வேண்டும் என்று கேட்டு வந்தால் கணக்கு மாறும். உருவாக்கச் செலவு முழுவதையும், அந்தக் காலத்தில் மற்றவர்களுக்கு விற்றிருந்தால் வந்திருக்கும் வருமானத்தையும் கூட்டிச் சொல்ல வேண்டும். புதிதாக வரையச் சொல்லும் வேலைக்கு மணிக் கணக்கு முழுவதும் அவர்கள் தலையில்தான்; தொடக்கத்தில் பாதி, மாதிரி உடை பார்த்ததும் கால், ஒப்படைக்கும்போது கால் என்று வாங்குங்கள். சனவரிக்கு முன் கலோத்சவ அவசரத்தில் வரும் வேலைக்குக் கூடுதல் விகிதத்தை முன்கூட்டியே அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் பேரம் குறையும்.

தைத்த உடையை விற்பதிலும் ஒன்றைக் கவனியுங்கள். வாங்கியவர் தையலைப் பிரித்துப் போட்டு வெட்டு வடிவத்தைத் தாளில் எடுத்துக்கொண்டால் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அரிய பேட்டர்ன்களைத் தைத்து விற்காமல் நீங்களே வாடகைக்கு விடுங்கள்.

9. எல்லை தாண்டி விற்பது

களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வரிக் கணக்கு மாறுகிறது. அச்சிட்ட பேட்டர்னும் தைத்த உடையும் சரக்கு. சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருள்களுக்கு உள்ள விலக்கு நீங்கலாக, விற்பனை எவ்வளவு சிறியதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பயன்படுத்த அனுமதி கொடுப்பது சேவை. மொத்த விற்றுமுதல் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டாதவரை, வேறு மாநிலத்துக்குச் சேவை அளிப்பதற்குப் பதிவு தேவையில்லை. ஆகவே பதிவு இல்லாதவர்கள் பாறசாலை வாடிக்கையாளருக்கு உரிமமும் மின்கோப்பும் கொடுத்து, அச்சை அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்வது வசதி. கடைக்கு நேரில் வந்து வாங்குபவரின் கேரள முகவரியைப் பில்லில் எழுதுவதற்கும் வரிப் பொருள் உண்டு என்பதால், பில் புத்தகம் அடிக்கும் முன் ஒரு கணக்கரிடம் இதைக் காட்டிக்கொள்ளுங்கள்.

10. நகல் கண்ணில் பட்டால்

உடனே போன் செய்து கத்தக் கூடாது. நகலெடுத்தவர் தாளை அப்புறப்படுத்திவிடுவார். முதலில் வேறொருவர் மூலம் ஒரு பிரதியைப் பணம் கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். உங்கள் தாளின் மேல் வைத்து, கத்தரிக் குறி, அட்டவணை எண்கள், குறிப்பில் உள்ள சொற்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் படமெடுங்கள். இரண்டாம் படியில் எழுதிய வலப்பக்கப் பத்தியில் உள்ளவை நகலில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. இடப்பக்கத்தில் உள்ளவை மட்டும்தான் இருக்கின்றன என்றால் விட்டுவிடுங்கள், ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக அவரே வழக்குப் போடவும் சட்டத்தில் வழியிருக்கிறது.

நகல்தான் என்று உறுதியானால், நிறுத்தும்படியும், விற்ற எண்ணிக்கையைச் சொல்லும்படியும், உரிமக் கட்டணத்தைச் செலுத்தும்படியும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலான சிறு கடைகள் இந்தக் கட்டத்திலேயே உரிமம் வாங்கிக்கொள்ள முன்வருகின்றன, அவர்களை எதிரியாக்காமல் வாடிக்கையாளராக்கிக் கொள்ளலாம்.

அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. நெய்யாற்றின்கரைக் கடைக்காரர்மீது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம் என்பது எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி. பதிவு செய்த வடிவமைப்பு தொடர்பான வழக்கில் இந்தச் சலுகை இல்லை. எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ மீறல் நடந்த இடத்துக்கோ போக வேண்டும். வடிவமைப்பு வழக்கில் இழப்பை நிரூபிக்காமலேயே ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரையும், ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரையும் கேட்கலாம். அல்லது தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கோப்பு, பதிவேடு, அனுமதிச் சீட்டுகளின் நகல், வாங்கிய நகலும் அதன் பில்லும் ஆகிய நான்கையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.